2, 4, 6: விதியைக் கண்டுபிடிக்க முடிகிறதா?

சாளரம்
அனைவருக்கும் வணக்கம். இந்த இழையை ஒரு விளையாட்டோடு தொடங்குகிறேன். எதற்காக என்பதைப் பிறகு சொல்கிறேன். 2, 4, 6 என்னும் மூன்று எண்களும் நான் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருக்கும் விதிக்குப் பொருந்துகின்றன. அந்த விதி என்ன என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் மூன்று மூன்று எண்களாக எழுதிக் கேட்கலாம். பொருந்துகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்வேன். விதி இதுதான் என்று உறுதியாகத் தோன்றும்போது மட்டும் அதைச் சொல்லுங்கள்.

வடகரை
8, 10, 12. அடுத்து 20, 22, 24. மூன்றாவதாக 100, 102, 104.

சாளரம்
மூன்றும் பொருந்துகின்றன.

வடகரை
அப்படியானால் ஐயத்துக்கே இடமில்லை: இரண்டிரண்டாகக் கூடிச் செல்லும் இரட்டைப்படை எண்கள். போட்டித் தேர்வுக்குப் படித்த எவரும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இதைக் கொண்டு நீங்கள் எதை நிறுவப் போகிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

சாளரம்
அது விதி அன்று. தொடர்ந்து முயலலாம்.

மாடிப்படி
1, 3, 5 பொருந்துமா? பொருந்தும் என்றால் என் விடை, அடுத்தடுத்த எண்களுக்கு இடையே இரண்டு வேறுபாடு இருக்க வேண்டும் என்பது.

சாளரம்
1, 3, 5 பொருந்தும். ஆனால் நீங்கள் சொல்வது விதி அன்று.

கரும்பலகை
3, 6, 9 மற்றும் 10, 20, 30. இரண்டும் பொருந்துமெனில், சம இடைவெளி என்பதுதான் விதியாக இருக்க முடியும்.

சாளரம்
இரண்டும் பொருந்தும், ஐயா. விதி அதுவும் அன்று.

தறியோசை
6, 4, 2 பொருந்துமா? 1, 2, 50 பொருந்துமா? 7, 3, 90 பொருந்துமா?

சாளரம்
முதலாவது பொருந்தாது. இரண்டாவது பொருந்தும். மூன்றாவது பொருந்தாது.

தறியோசை
எனில் ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதே விதி.

சாளரம்
சரியான விடை. உங்களுக்கு முன் எழுதிய மூவரும் ‘ஆம்’ என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்த எண்களை மட்டுமே கேட்டார்கள். ‘இல்லை’ என்ற பதிலைத் தேடிப் போனவர் நீங்கள் ஒருவர்தான். எப்படித் தோன்றியது என்று சொல்ல முடியுமா?

தறியோசை
நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்கு சரியாக இருக்கிறது என்பதைக் காட்டும் ரசீதுகளை அவர்களே அடுக்கி வைத்துத் தருவார்கள். அவற்றை எத்தனை புரட்டினாலும் கணக்கு சரி என்றுதான் தோன்றும். இருக்கக் கூடாத ரசீது ஒன்று எங்கே இருக்கும், இருக்க வேண்டிய ரசீது எங்கே இல்லாமல் போயிருக்கும் என்று தேடுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். வடகரை அவர்கள் கேட்ட மூன்று கேள்விகளைப் பார்த்தவுடன், ஒரே பெட்டியிலிருந்து மூன்று ரசீதுகளை எடுத்துப் பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. இதில் அறிவுக்கூர்மை எதுவும் இல்லை, கை பழக்கம்.

சாளரம்
நன்றி. ‘கை பழக்கம்’ என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் இழையைத் தொடங்கினேன்.

இந்த விளையாட்டு என்னுடையதன்று. லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஆய்வில் வருவது. அதில் கலந்துகொண்ட 29 பேரில், தவறான விடை எதையும் முன்னதாகச் சொல்லாமல் முதல் முறையே சரியான விதியைச் சொன்னவர்கள் 6 பேர்தான். மற்றவர்கள் மனத்தில் தோன்றிய முதல் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊகத்துக்குப் பொருந்தும் எண்களையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு ‘ஆம்’ வரும்போதும் அவர்களுடைய உறுதி வளர்ந்ததே தவிர, அறிவு வளரவில்லை.

நாம் அன்றாடம் ஒருவரைப் ‘புத்திசாலி’ என்கிறபோது எதைச் சொல்கிறோம்? நுண்ணறிவுத் தேர்வில் வரும் மதிப்பெண்ணையா, தன் கருத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் வழக்கத்தையா, அல்லது அவருடைய ஆளுமையையா? கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் முதல் இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும் என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார். போதிய நுண்ணறிவு இருந்தும் பகுத்தறிவோடு நடக்க முடியாத நிலைக்கென்றே 1993இல் அவர் தனியாக ஒரு பெயர் வைத்தார். தன் பக்கத்துக்குச் சாதகமாக மட்டுமே சான்றுகளை எடைபோடும் போக்குக்கும் நுண்ணறிவு அளவுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்பது அவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டியவற்றுள் முக்கியமானது. படித்தவர்கள் நிறைந்த குடும்பக் குழுவில் ஒரு வதந்தி எவ்வளவு எளிதாக வலம் வருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

வடகரை
தோற்றவன் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 2, 4, 6 என்று எழுதிக் காட்டிவிட்டு, மனத்தில் ‘ஏதாவது மூன்று ஏறும் எண்கள்’ என்று வைத்துக்கொள்வது, வழிகேட்டவனுக்கு வேண்டுமென்றே தவறான திசையில் கைகாட்டுவது போன்றது. பேச்சில் ஒருவர் ஒரு எடுத்துக்காட்டைத் தந்தால், அதிலுள்ள சிறப்புக் கூறுகள் பொருளுடையவை என்று எடுத்துக்கொள்வதுதான் இயல்பான அறிவு. ‘மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம்’ என்று சொல்லிவிட்டு என் விதி ‘உலகில் உள்ள பொருட்கள்’ என்று ஒருவர் சொன்னால் யார் முட்டாள்?

இரண்டாவது மறுப்பு இதைவிட முக்கியமானது. கிளேமன், ஹா என்ற இருவர் 1987இல் எழுதிய கட்டுரையில், தன் ஊகத்துக்குப் பொருந்தும் நிகழ்வைச் சோதிப்பது தன்னளவில் பிழையன்று என்று விளக்கியிருக்கிறார்கள். நாம் தேடும் நிகழ்வு அரிதாக இருக்கும் உலகில் அதுவே சிக்கனமான வழி. நான் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். ஒரு மோட்டார் சூடாகிறது என்றால், பேரிங் தேய்ந்திருக்கலாம் என்று ஊகித்து பேரிங்கைத்தான் திறந்து பார்ப்பேன். சூடாகாத நாற்பது மோட்டார்களைத் திறந்து என் ஊகத்தைப் பொய்ப்பிக்க முயன்றுகொண்டிருந்தால் ஆலை நின்றுவிடும். வேசனின் புதிரில் உண்மையான விதி என் ஊகத்தைவிட அகன்றதாக இருந்ததால்தான் நான் சிக்கினேன். என் ஊகம் அகன்றதாகவும் விதி குறுகியதாகவும் இருந்திருந்தால், இதே வழியில் கேட்டே என் தவறு எனக்குத் தெரிந்திருக்கும்.

சாளரம்
இரண்டாவது மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். கிளேமன், ஹா கட்டுரையை நான் சொல்லியிருக்க வேண்டும்.

கரும்பலகை
முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். இதே வேசன் 1966இல் இன்னொரு புதிரை அமைத்தார். மேசைமேல் நான்கு அட்டைகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிவது ஏ, கே, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்ற கூற்று மெய்யா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? ஏ, 7 ஆகிய இரண்டை மட்டும் என்பதே விடை. பெரும்பாலோர் ஏ, 4 என்பார்கள், அல்லது ஏ மட்டும் என்பார்கள். பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்வதில்லை.

அதே கணக்கின் எலும்புக்கூட்டுக்கு வேறு சட்டை போட்டு 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் ஃபுளோரிடாவில் கேட்டார்கள். ‘ஒருவர் பீர் குடித்தால் அவருக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும்.’ அட்டைகளில் இருப்பவை: பீர் குடிப்பவர், கோலா குடிப்பவர், 22 வயதினர், 16 வயதினர். யாரைச் சோதிப்பீர்கள்? இப்போது ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பீர் குடிப்பவரையும் 16 வயதினரையும் சரியாகக் காட்டினார்கள். தர்க்கம் மாறவில்லை, உடை மாறியது. முதல் கேள்வியில் தோற்றவருக்கு அறிவு குறைவு என்றால், இரண்டாவது கேள்வியில் வென்றவருக்கு அது எங்கிருந்து வந்தது?

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூட்டல் கணக்கை ஒருபோதும் முடிக்க மாட்டான். அவனுடைய அம்மாவின் பூக்கடையில் நான் ஒருநாள் நின்றபோது, ஒன்றரை முழத்துக்கும் இரண்டு முழத்துக்கும் விலை சொல்லி, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை எண்ணித் தந்தான். நான் மனத்தில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். ‘வகுப்பில் ஏனடா வரவில்லை’ என்று கேட்டேன். ‘அது கணக்கு சார்’ என்றான்.

பின்னாளில்தான் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் நடந்த ஆய்வைப் படித்தேன். 1985இல் வெளிவந்தது. தெருவில் பொருள் விற்கும் 9 முதல் 15 வயதுள்ள ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் முதலில் வாடிக்கையாளர்களாகப் போய்க் கேட்டார்கள். பிறகு அதே வகைக் கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சந்தையில் 98 விழுக்காடு சரி. வெறும் எண்களாகத் தாளில் 37 விழுக்காடு. ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் பூச்சியத்தைச் சேர்க்கவில்லை. மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, பிறகு 315, கடைசியில் 350 என்று ஏறிப் போனான். நாங்கள் ஐந்தாம் வகுப்பில் நடத்தும் பாடத்தை அவன் மதிக்கவில்லை. விடை சரி.

மாடிப்படி
ஆசிரியர் ஐயாவின் பூக்கடைப் பையனைப் படித்த பிறகு என் வேலையைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆட்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைக்கும் வழக்கம் நான் பணியாற்றிய ஓரிடத்தில் இருந்தது. மனிதர்களைப் பதினாறு பெட்டிகளில் அடைக்கும் அந்த முறை சுவிட்சர்லாந்து உளவியலாளர் யுங் 1921இல் எழுதிய கருத்துகளைத் தழுவி, உளவியலில் முறையான பயிற்சி இல்லாத ஒரு தாயும் மகளும் உருவாக்கியது. என் குறியீட்டுக்குரிய விளக்கத்தைப் படித்தபோது என்னை அருகிலிருந்து பார்த்தவர் எழுதியதுபோல இருந்தது. ஒரு நாள் குறும்பாக என் தோழியின் குறியீட்டுக்குரிய விளக்கத்தைப் படித்தேன். அதுவும் என்னைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது!

இதற்கும் ஒரு பழைய சோதனை உண்டு. பெர்ட்ராம் ஃபோரர் என்பவர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, தனித்தனியே முடிவு என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஐந்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்குச் சராசரியாக 4.26 என்று மதிப்பிட்டார்கள். அத்தனை தாள்களிலும் இருந்தது ஒரே வாசகம். அதன் பெரும்பகுதி கடையில் விற்ற சோதிட நூலிலிருந்து எடுத்தது. ‘ஆம்’ வரும் இடத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மைப் பற்றிய விவரத்திலும் வேலை செய்கிறது. ‘நீங்கள் சில வேளைகளில் கலகலப்பானவர், சில வேளைகளில் ஒதுங்கியிருப்பவர்’ என்று படித்தவுடன் நினைவில் பொருந்தும் நாட்கள் தாமாகவே எழுந்து வருகின்றன. இது யாருக்குத்தான் பொருந்தாது என்ற கேள்வி, அதாவது 6, 4, 2, எழுவதில்லை.

ஆளுமை ஆய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. புதுமை நாட்டம், பொறுப்பும் ஒழுங்கும், புறநோக்கு, இணக்கம், மனக்கலக்கம் ஆகிய ஐந்து அளவுகோல்களில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் முறை பெட்டி போடுவதில்லை. உயரத்தை அளப்பதுபோல அளக்கிறது. வேலையில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பெரும்பாலான தொழில்களில் ஓரளவு சொல்லக்கூடியது அவற்றுள் பொறுப்பும் ஒழுங்கும்தான் என்று பாரிக், மவுண்ட் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ‘ஓரளவு’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

வடகரை
இப்போது இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது: தேர்வு என்றாலே பொய், மதிப்பெண் என்றாலே மாயை. அது நியாயமில்லை. நுண்ணறிவுத் தேர்வு வெறும் தாள் வித்தையாக இருந்தால் அது நீண்ட காலம் நிலைத்து நிற்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் 1 அன்று, 1921இல் பிறந்து பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட அனைவருக்கும், 87,498 பேருக்கு, ஒரே தேர்வு வைக்கப்பட்டது. 1998இல் இயன் டியரியும் உடன் ஆய்வாளர்களும் அவர்களில் 101 பேரை, 77 வயதில், மீண்டும் வரவழைத்து அதே தாளை எழுத வைத்தார்கள். இடையே ஓர் உலகப் போர், தொழில், திருமணம், ஓய்வு எல்லாம் வந்து போயிருக்கின்றன. இருந்தும் இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாக ஒத்துப்போனால் 1) 0.63 ஆக இருந்தது. வெவ்வேறு பாடங்களில் வரும் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று உளவியலாளர் ஸ்பியர்மன் 1904இலேயே கண்டதும் இன்றுவரை பொய்க்கவில்லை. அந்த எண் எதை அளக்கிறது என்பதில் சண்டை இருக்கலாம். எதையோ அளக்கிறது என்பதில் இல்லை.

சாளரம்
ஒப்புக்கொள்கிறேன். அளக்கிறது, ஆனால் அளக்கும் அந்தத் திறன் எந்தப் பக்கம் நின்று வேலை செய்கிறது என்பதே என் கேள்வி. இதற்கு எனக்கு மிகப் பிடித்த ஆய்வு யேல் பல்கலைக்கழகத்தின் டேன் கஹான் 2013இல் வெளியிட்டது. 1,111 அமெரிக்கர்களுக்கு ஓர் அட்டவணை தரப்பட்டது. புதிய தோல் களிம்பைப் பூசியவர்களில் 223 பேருக்குத் தடிப்பு குறைந்தது, 75 பேருக்குக் கூடியது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்குக் கூடியது. 223 என்ற பெரிய எண்ணைக் கண்டவுடன் களிம்பு நல்லது என்று தோன்றும். விகிதம் பார்த்தால் பூசியவர்களில் தடிப்பு குறைந்த ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் வீதம் கூடியிருக்கிறது, பூசாதவர்களில் ஐவருக்கு ஒருவர் வீதம்தான், களிம்பு கெடுதல். எண்களைக் கையாளத் தெரிந்தவர்கள் இதை அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். பிறகு அதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் குற்றமும் என்று தலைப்பு மாற்றித் தந்தபோது, எண் திறன் மிக்கவர்கள் தம் அரசியலுக்கு இசைவான விடை வரும்போது மட்டும் அத்திறனைப் பயன்படுத்தினார்கள். இரு கட்சியாருக்கும் இடையிலான பிளவு அவர்களிடையேதான் மிகுதி. கூர்மையான கத்தி, வைத்திருப்பவர் சொன்ன பக்கம் வெட்டுகிறது.

தறியோசை
சாளரம் அவர்களே, அந்த ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்து பார்த்தார்களா என்று தேடினீர்களா? 2021இல், செய்முறையை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு நடத்திய மறு ஆய்வு ஒன்று வெளிவந்தது. எண் திறன் கூடக்கூடச் சார்பும் கூடுகிறது என்ற அந்தப் பகுதிக்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. மக்கள் தம் பக்கம் சாய்வதை மறுக்கவில்லை. திறமைசாலிகள் *கூடுதலாக* சாய்கிறார்கள் என்பதுதான் ஆட்டம் கண்டது.

சாளரம்
தேடவில்லை. இந்த ஆய்வை ஐந்தாறு ஆண்டுகளாகப் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். என் கருத்துக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியதால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. 8, 10, 12 என்று நானும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே எழுதியதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன். படிப்பவர்கள் உங்கள் திருத்தத்தோடு சேர்த்துப் படிக்கட்டும்.

தறியோசை
உங்களைச் சங்கடப்படுத்த எழுதவில்லை. எனக்கே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன், எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் நடத்திய சீட்டில் சேர்ந்தேன். எந்த நிறுவனத்தின் ஏட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக்கூட அவரிடம் நான் கேட்கவில்லை: பதிவு செய்த சீட்டா, ஏலம் எடுத்தவர்கள் யார், பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது. முதல் எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு மாதமும் ‘ஆம், பொருந்துகிறது’ என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். ஒன்பதாம் மாதம் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. போனது என் மகளின் கல்லூரிக்கென்று வைத்திருந்த தொகையில் பாதி.

அன்று என் நுண்ணறிவு குறைந்துவிட்டதா? ஆளுமை மாறிவிட்டதா? இரண்டும் இல்லை. சித்தப்பாவிடம் ரசீது கேட்பது அவமரியாதை என்று தோன்றியது, அவ்வளவுதான். அலுவலகத்தில் கேள்வி கேட்பது என் கடமை. கேட்காவிட்டால்தான் திட்டு விழும். வீட்டில் கேட்டால் திட்டு விழும். ஆகவே ‘விமர்சனச் சிந்தனை உள்ளவர்’ என்று ஒருவரைக் குறிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எந்த இடத்தில், யார் முன்னிலையில், கேட்டால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த விவரிப்பு முழுமை பெறும்.

மாடிப்படி
அம்மா, இதைப் படித்துவிட்டு நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் ‘உங்கள் மேலாளர் தவறு செய்தால் சுட்டிக்காட்டுவீர்களா’ என்ற கேள்வியை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எல்லோரும் ‘ஆம்’ என்கிறார்கள். சுட்டிக்காட்டியவருக்கு எங்கள் நிறுவனத்தில் என்ன ஆயிற்று என்று அவர்கள் என்னைக் கேட்டால்தான் பொருத்தமாக இருக்கும்.

வடகரை
விளையாட்டுக்கே திரும்பி வருகிறேன். டுவெனியும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் இதே 2, 4, 6 புதிரில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். ‘பொருந்தும், பொருந்தாது’ என்று சொல்வதற்குப் பதிலாக, இரண்டு விதிகள் உள்ளன, ஒன்றின் பெயர் ‘டாக்ஸ்’, மற்றதன் பெயர் ‘மெட்’, இரண்டையும் கண்டுபிடியுங்கள் என்றார்கள். ‘மெட்’ என்பது பொருந்தாத மற்ற எல்லாம்தான். ஆனால் ‘இல்லை’ என்பதற்கும் ஒரு பெயர் கிடைத்தவுடன் அதையும் தேடிப் போனார்கள். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் முதல் முறையே சரியாகச் சொன்னார்கள். தறியோசை அவர்கள் சொன்ன ‘கேட்டால் என்ன விலை’ என்பது இங்கே குறைகிறது என்று நினைக்கிறேன். தவறாகப் போன எண் தோல்வியன்று, ‘மெட்’.

நேற்று இரவு ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் இதை இந்த முறையில் கேட்டேன். என்னைப்போல 8, 10, 12 என்று தொடங்கவில்லை. 1, 2, 3 என்றாள். பிறகு 3, 2, 1 என்றாள். மூன்றாவதாக 5, 5, 5 என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சாளரம் அவர்களே, தாளில் என்ன எழுதியிருக்கிறது?

சாளரம்
தாளைப் பிரித்துப் பார்த்தேன். ‘ஏறுவரிசை’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. வேசனின் விதிப்படி எண்கள் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். எனவே 5, 5, 5 பொருந்தாது என்றே கொள்ள வேண்டும்.

கரும்பலகை
அது எப்படி? இடைநிலை அளவு காண 35, 40, 35 என்ற மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதச் சொன்னால், 35, 35, 40 என்று எழுதும் மாணவனுக்கு முப்பத்தொரு ஆண்டுகளாக முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். 35, 35, 40 ஏறுவரிசை என்றால் 5, 5, 5 என்ன குற்றம் செய்தது?

தறியோசை
அப்படியானால் நான் ‘ஏறுவரிசை’ என்று சொன்னதைச் சரியான விடை என்று நீங்கள் ஏற்றுக்கொண்டது எந்தப் பொருளில்? சம எண்களைப் பற்றி நானும் கேட்டுப் பார்க்கவில்லை.

சாளரம்
தாளில் எழுதும்போது நானும் அதை நினைக்கவில்லை. வேசனை ஒட்டியே போவோம். வடகரை அவர்களே, மகளிடம் அது ‘மெட்’ என்று சொல்லிவிடுங்கள்.

வடகரை
‘டாக்ஸ்’ என்று நேற்றே சொல்லிவிட்டேன்.